எல்லோரும் வேண்டாம் என்ற கேக்

வடக்கு பெல்டன் ஊரில், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பொருளுக்கு விலை சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால், அவர் தட்டில் இருக்கும் உருளைக்கிழங்கைக் கை நீட்டி எடுத்துத் தின்ற மாதிரி. இப்படி ஒரு சட்டத்தை எழுதி எங்கும் ஒட்டி வைக்கவில்லை. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில் போய் ஏலம் வைத்தார்கள். அதுவும் கேக் ஏலம்.

ஏன் வைத்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஹப்பெல் காடு இருக்கிறது. நாற்பது ஏக்கர். பெரும்பாலும் மேப்பிள் மரங்கள், நடுவில் ஒரு சின்ன ஓடை. பெரியவர் ஹப்பெல் இருந்தவரை யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம். அவர் இறந்த பிறகு, ஃப்ளோரிடாவில் இருக்கும் அவருடைய மகன்கள் காட்டை விற்க முடிவு செய்தார்கள். விடுமுறை வீடுகள் கட்டி விற்கிற ஒருவர் வாங்கக் காத்திருந்தார்.

மகன்கள் கெட்டவர்கள் இல்லை. "உங்கள் ஊர் நில அறக்கட்டளை அதே விலையைக் கொடுத்தால் உங்களுக்கே தருகிறோம். மார்ச் முப்பத்தொன்று வரை பொறுப்போம்" என்று கடிதம் எழுதினார்கள்.

நில அறக்கட்டளை என்றதும் பெரிய கட்டடம், கண்ணாடிக் கதவு என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் ஏழு பேர், ஒரு அட்டைப்பெட்டி நிறையக் காகிதம். அவ்வளவுதான். அந்தப் பெட்டி லெட்டியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. லெட்டியின் அம்மா கோராதான் அறக்கட்டளையின் செயலாளர். அறக்கட்டளை ஒரு காட்டை வாங்கிவிட்டால் பிறகு அதை யாரும் வெட்ட முடியாது, வீடு கட்ட முடியாது. காடு காடாகவே இருக்கும்.

லெட்டிக்குப் பத்து வயது. நான்காம் வகுப்பு. எந்த வகுப்பு என்பது இங்கே முக்கியம்.

ஒவ்வொரு மார்ச் மாதமும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஹப்பெல் காட்டுக்குள் போவார்கள். பன்னிரண்டு மேப்பிள் மரங்களில் சின்னத் துளை போட்டு வாளி தொங்கவிடுவார்கள். மரத்தின் சாறு வாளியில் சொட்டும். அதைச் சுமந்து வந்து, பள்ளிக்கூடத்து முற்றத்தில் பெரிய தட்டில் ஊற்றி, பாகாகும்வரை காய்ச்சுவார்கள். ஐந்தாம் வகுப்புக்கு மட்டும்தான் அந்த உரிமை. மற்றவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். லெட்டி நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மார்ச் அவள் முறை. அடுத்த மார்ச்சில் காடு இருந்தால்.

"இன்னும் எவ்வளவும்மா குறையுது?" என்று ஏலத்தன்று காலையில் கேட்டாள்.

"ரெண்டாயிரம் டாலர்."

"அது ரொம்பவா?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "காடு வாங்கறதுக்கு அது ஒண்ணுமே இல்லை. கேக் வித்துச் சம்பாதிக்கிறதுக்கு ரொம்ப அதிகம்."

கேக் ஏலம் பக்கத்து ஊரிலிருந்து வந்த யோசனை. அங்கே ஒரே ஏலத்தில் தேவாலயத்தின் கூரையையே மாற்றிவிட்டார்கள். ஆனால் அந்த ஊரில் கோடைக்கு வந்து தங்குகிறவர்கள் நிறைய. யாரையும் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் கூச்சமில்லாமல் விலையை ஏற்றினார்கள். இந்த வித்தியாசம் அறக்கட்டளையின் ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் ஊர்க்கூடத்துக்கு நூறு பேர் வந்திருந்தார்கள். பனி உருகிச் சாலையெல்லாம் சேறு. வாசலில் கழற்றிய பூட்ஸ்கள் ஒரு மந்தை மாதிரி நின்றன. நீள மேசையில் இருபத்திரண்டு கேக்குகள்.

ஏலம் விட்டவர் வெண்டல் பிராக். வாரம் முழுக்க மாடு ஏலம் விடுகிறவர். அவருக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதே இல்லை.

"முதல் கேக்! எலுமிச்சம்பழக் கேக்! உயரத்தைப் பாருங்க, நிறத்தைப் பாருங்க, காலெல்லாம் நல்லா... சே, காலில்லை. யாரு தொடங்கறீங்க?"

"அஞ்சு டாலர்" என்றார் ஒரு பெண்.

"அஞ்சு! யாரு ஆறு? ஆறு, ஆறு, ஆறு?"

கூடத்தில் நூறு பேரும் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர் செருமினார். அவர் விலை சொல்லத்தான் போகிறார் என்று வெண்டல் பாய்ந்து திரும்பினார். "எனக்குச் சளி" என்றார் அவர்.

எலுமிச்சம்பழக் கேக் ஐந்து டாலருக்குப் போனது. அடுத்த கேக்கும் ஐந்து. அதற்கடுத்ததும் ஐந்து. நடுவில் ஒருவர் மட்டும் முதலிலேயே எட்டு டாலர் என்று சொல்லிவிட்டு, பெருமையடிக்கிறான் என்று நினைப்பார்களோ என்று முகம் சிவந்து உட்கார்ந்துகொண்டார்.

லெட்டி அப்பாவின் சட்டையை இழுத்தாள். "அப்பா, நீங்க கை தூக்குங்களேன்."

"எதுக்கு?"

"அந்த சாக்லேட் கேக்குக்கு. உங்களுக்குத்தான் பிடிக்குமே."

"அதை டூயி கேட்டுட்டான்."

"கேட்டா என்ன? நீங்க ஆறு சொல்லுங்க."

அப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார். "போன மாசம் பனியில நம்ம வண்டி மாட்டினப்ப யாரு வந்து இழுத்து விட்டது? டூயிதானே. அவன் கேக்கைப் பிடுங்கிட்டு, நாளைக்கு அவன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

பதினோரு கேக்குகள் விற்று முடிந்தபோது அம்மாவின் காகிதத்தில் ஐம்பத்தெட்டு டாலர் இருந்தது. கதவருகில் சின்ன மேசை போட்டு அமர்ந்திருந்தார் அம்மா. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒன்றும் தெரியாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று லெட்டிக்குத் தெரியும்.

காபிக்கு இடைவேளை விட்டார்கள்.

லெட்டி கூட்டத்துக்குள் புகுந்து நடந்தாள். பெரியவர்கள் கையில் கோப்பையோடு பேசும்போது கீழே யார் போகிறார்கள் என்று பார்ப்பதில்லை.

"அஞ்சு டாலருக்குக் கிடைச்சிருச்சு. வெட்கமா இருக்கு" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். "இருபது குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

"அப்ப இருபது சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"அஞ்சு போற இடத்துல நான் இருபதுன்னு எழுந்து நின்னா, பெரிய ஆளாயிட்டான் பாருன்னு சொல்ல மாட்டீங்க?"

"சொல்லுவேன்" என்று ஒப்புக்கொண்டார் மற்றவர்.

எல்லோருடைய பையிலும் பணம் இருந்தது. எல்லோருக்கும் கொடுக்க மனமும் இருந்தது. வழிதான் இல்லை.

எல்லோருக்கும் என்று சொல்வதும் சரியில்லை. ஓரின் டாகெட் என்று ஒருவர் இருந்தார். உயரமாக, மெலிந்து, அடுப்புப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இந்த மாதத் தொடக்கத்தில் நடந்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து, காட்டை வாங்குவதை எதிர்த்துப் பேசிய ஒரே ஆள்.

"என்ன கோரா, காட்டை வாங்கியாச்சா?" என்று இப்போதும் கேட்டார்.

"வாங்கிக்கிட்டே இருக்கோம்" என்றார் அம்மா.

"அறக்கட்டளை கைக்குப் போனா ஊருக்கு வர்ற வரி குறையும். அப்புறம் ரோடு யாரு போடறது? மரமா வந்து போடும்?"

"ரோடு என் புருஷன் போடுவாரு. எப்பவும் அவருதானே போடறாரு?"

"அவருக்குச் சம்பளம் வரியிலேர்ந்துதானே வருது?"

அம்மா பென்சிலைச் சீவத் தொடங்கினார். அது நியாயமான கேள்வி என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இடைவேளை முடிந்தது. வெண்டல் பிராக் பன்னிரண்டாவது கேக்கைத் தூக்கினார். கூடத்தில் ஒரு சின்ன அசைவு. அது ஹெஸ்டரின் வால்நட் கேக்.

ஹெஸ்டர் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவர். ஊரில் என்ன விழா வந்தாலும் விற்பனை மேசைக்கு அதே கேக்கைத்தான் செய்வார். மரம் அறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் லூதர் அதை ஐந்து டாலருக்கு வாங்குவார். பதினோரு வருடமாக இப்படி நடக்கிறது. ஏன் என்று ஊருக்கே தெரியும். ஹெஸ்டருக்குத் தெரியுமா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

"அஞ்சு டாலர்" என்றார் லூதர்.

"அஞ்சு. யாரு ஆறு?" வெண்டல் கடமைக்குக் கேட்டுவிட்டுச் சுத்தியலைத் தூக்கினார்.

லெட்டியின் பையில் ஆறு டாலர் இருந்தது. பக்கத்து வீட்டு நடைபாதையில் பனி வழித்துச் சம்பாதித்தது. யாராவது ஒருவர் தொடங்கினால் போதும், பிறகு எல்லோரும் கேட்பார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள். எழுந்து நின்றாள்.

"ஆறு!"

கூடம் அப்படியே நின்றது. அப்பா கண்களை மூடிக்கொண்டார். யாரோ காபிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்த சத்தம்கூடக் கேட்டது.

வெண்டல் லூதரைப் பார்த்தார். "லூதர்? ஏழு?"

லூதர் திரும்பி லெட்டியைப் பார்த்தார். பிறகு தன் காலுறைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "குழந்தை ஆசைப்படறா. அவளுக்கே குடுத்துடு வெண்டல்."

தட்டென்று சுத்தியல் விழுந்தது. கேக் லெட்டியின் கைக்கு வந்தது. கனமாக இருந்தது. வால்நட் மணம் வீசியது.

லெட்டிக்கு ஒன்றும் நன்றாக இல்லை. விலை ஏறவில்லை. ஒரே ஒரு டாலர்தான் கூடுதல். அதற்காக லூதரின் கேக்கைப் பிடுங்கியாகிவிட்டது. அவர் இன்னும் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஹெஸ்டர் ஒரு கரண்டியை, அது என்னவோ புதுமையான பொருள் என்பதைப் போல, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லெட்டி அம்மாவிடம் போய் ஆறு டாலரைக் கொடுத்தாள். பிறகு கேக்கோடு நேராக வெண்டலிடம் நடந்தாள்.

"மிஸ்டர் பிராக், இதை மறுபடியும் ஏலம் விடுவீங்களா?"

"மறுபடியுமா? வித்த மாட்டை ரெண்டாவது தடவை விக்கிற வழக்கம் இல்லைம்மா."

"இது மாடு இல்லையே."

யாரோ சிரித்தார்கள்.

"உன் ஆறு டாலரைத் திருப்பித் தரணுமா?"

"வேணாம். நான் வாங்கிட்டேன். இப்ப எனக்கு வேணாம். வேற யாராவது வாங்கிக்கட்டும்." சொல்லிவிட்டு லூதர் பக்கம் பார்த்தாள்.

வெண்டல் தாடையைச் சொறிந்தார். முப்பது வருட ஏலத்தில் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை. "சரி. கேக் நம்பர் பன்னிரண்டு, ரெண்டாவது தடவை. யாரு..."

"பத்து!" என்றார் லூதர். சொன்ன வேகத்தைப் பார்த்து அவரே திடுக்கிட்டார்.

வேறு யாரும் கேட்கவில்லை. கேட்பார்களா என்ன? சுத்தியல் விழுந்தது.

லெட்டி கேக்கை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "மன்னிச்சுக்கோங்க, மிஸ்டர் லூதர். நான் பிடுங்கணும்னு கேக்கலை. விலை ஏறணும்னுதான் கேட்டேன்."

"ஏறிடுச்சே" என்றார் லூதர்.

"ஆமா. ஒரே கேக்குல பதினாறு டாலர்." லெட்டி சொல்லிவிட்டு நின்றாள். அவள் சொன்னது அவளுக்கே அப்போதுதான் கேட்டது. "ஒரே கேக்கு... ரெண்டு தடவை..."

லூதர் நிதானமான ஆள். அவர் கேக்கைப் பார்த்தார். லெட்டியைப் பார்த்தார். கதவருகில் கோராவின் காகிதத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"வெண்டல், இதை நீயே வச்சுக்கோ. இன்னொரு தடவை வித்துக்கோ. எனக்குச் சர்க்கரை ஆகாது. டாக்டர் சொல்லியிருக்காரு."

"எப்பச் சொன்னாரு?" என்று கேட்டார் ஹெஸ்டர். அவ்வளவு நேரத்தில் அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"இந்த வாரந்தான்" என்றார் லூதர். காது மடல்கள் சிவந்துவிட்டன.

வெண்டல் பிராக்குக்கு இப்போது விஷயம் புரிந்தது. மாட்டுச் சந்தையில் இருபது டாலர் வித்தியாசத்தை இருபது அடிக்கு அப்பாலிருந்தே மோப்பம் பிடிக்கிறவர் அவர். "கேக் நம்பர் பன்னிரண்டு! மூணாவது தடவை! ரெண்டு பேர் வேண்டாம்னு சொன்ன கேக்! யாரு வாங்கறீங்க?"

"பதினஞ்சு" என்றார் லெட்டியின் அப்பா.

"வித்தாச்சு!"

அப்பா போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு, கேக்கைக் கையில் வாங்கி, ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். "அடடா, வீட்டுல ஏற்கெனவே ஒரு கேக் இருக்கு. மறந்தே போச்சு. திருப்பி எடுத்துக்கோ."

"நம்ம வீட்டுல கேக் இல்லையேப்பா" என்றாள் லெட்டி.

"நீ சும்மா இரு."

அடுத்து டூயி. இருபது டாலர். "என் வண்டியில நாய் இருக்கு. தின்னுடும். திருப்பி வச்சுக்கோங்க."

அதற்கடுத்து, முன்பு எட்டு டாலர் சொல்லி வெட்கப்பட்டவர். இந்த முறை இருபத்தைந்து. "வால்நட் பல்லுல மாட்டிக்கும். வேணாம்."

பிறகு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. "என் அலமாரியில இது நுழையாது."

பிறகு இரட்டைச் சகோதரர்கள் இருவர் ஒன்றாக எழுந்தார்கள். "நாங்க ரெண்டு பேர். கேக் ஒண்ணு. சண்டை வரும்" என்று நாற்பது டாலரைக் கட்டிவிட்டு உட்கார்ந்தார்கள்.

யாரும் யார் தட்டிலும் கை வைக்கவில்லை. ஒருவர் வாங்கி, வேண்டாம் என்று சொன்ன பிறகுதானே அடுத்தவர் கேட்கிறார்? அது மரியாதைக் குறைவே இல்லை. பெருமையடிப்பதும் இல்லை. கேக் வாங்கினோம், நமக்கு ஒத்துவரவில்லை, திருப்பிக் கொடுத்தோம். இதில் சொல்ல என்ன இருக்கிறது?

வரிசை நீண்டுகொண்டே போனது. சாக்குகளும்தான். ஒருவருக்கு உண்ணாவிரதம். ஒருவருக்கு அந்தத் தட்டின் நிறம் பிடிக்கவில்லை. ஒருவர் தனக்குக் கேக் என்றாலே பயம் என்றார். ஒரு பெண்மணி, "நான் தப்பான ஏலத்துக்கு வந்துட்டேன், மாடு வாங்கத்தான் வந்தேன்" என்றார்.

கைமாறிக் கைமாறிக் கேக்கும் களைத்துவிட்டது. ஒரு பக்கத்தில் யாருடைய கட்டைவிரலோ பதிந்து குழி விழுந்திருந்தது. மேலே பூசியிருந்த பாகு தட்டின் ஓரத்துக்கு வழிந்தது.

"நாப்பத்தாறு பேர்" என்றார் ஹெஸ்டர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "நாப்பத்தாறு பேர் என் கேக்கை வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நாப்பத்தேழு!" என்று கூவினார் வெண்டல்.

மிச்சம் பத்துக் கேக்குகளை ஏலம் விடவே இல்லை. பணம் கட்டியவர்களுக்குப் பசித்தது. யாரோ கத்தியை எடுத்து அவற்றை வெட்டினார்கள். எல்லோரும் தின்றார்கள். பன்னிரண்டாம் நம்பர் கேக் மட்டும் முழுதாக, குழி விழுந்த விலாவோடு, போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

மணி ஐந்தாகும்போது கூடத்தில் சத்தம் மெல்ல அடங்கியது. எல்லோரும் ஒரு முறை வாங்கியாகிவிட்டது. சிலர் இரண்டு முறை. பைகள் காலி. வெண்டலின் குரல்கூடக் கட்டிவிட்டது.

"கோரா, எவ்வளவு?" என்று கரகரத்தார்.

அம்மா இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூணு. இன்னும் முப்பத்தேழு வேணும்."

"கேக் நம்பர் பன்னிரண்டு" என்றார் வெண்டல். "யாரு?"

கைகள் பைக்குள் போயின. வெறுமையாக வெளியே வந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒன்று தெரியும். அந்தக் கூடத்தில் இதுவரை வாங்காதவர் ஒரே ஒருவர். அவர் அடுப்புப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். தெரிந்தாலும் அவர் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு மனிதரை அப்படிச் சுவரோடு சேர்த்து நெருக்குவதும் அந்த ஊரில் வழக்கம் இல்லை.

லெட்டி மட்டும் அவரைப் பார்த்தாள். அவள் ரொம்ப நேரமாகவே அவரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கேக் மேசையிலிருந்து கதவுக்குப் போனபோது ஓரின் டாகெட்டின் கண்கள் கதவுக்குப் போயின. கேக் திரும்பி வந்தபோது கண்களும் திரும்பி வந்தன. மிச்சக் கேக்குகளை எல்லோரும் தின்றபோது அவர் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. கட்டைவிரல் குழி விழுந்தபோது கூடத்திலேயே முகம் சுளித்தது அவரும் ஹெஸ்டரும்தான்.

அவள் அவர் அருகில் போய் நின்றாள்.

"மிஸ்டர் டாகெட், உங்களுக்கு வால்நட் கேக் பிடிக்குமா?"

ஓரின் குனிந்து பார்த்தார். "உங்கம்மா அனுப்பினாங்களா?"

"இல்லை. நானாத்தான் கேக்கறேன்."

"பாரு பொண்ணே. அந்தக் காட்டுக்கு ஒரு சல்லிக்காசு தர மாட்டேன்னு ஊர்க்கூட்டத்துல சொல்லியிருக்கேன். எல்லாரும் கேட்டாங்க."

"நானும் கேட்டேன். நான் பின்னாடி உக்காந்திருந்தேன்."

"அப்புறம் என்ன? சொன்னா சொன்னதுதான்."

"நான் காட்டைப் பத்திக் கேக்கலையே" என்றாள் லெட்டி. "கேக் பிடிக்குமான்னுதான் கேட்டேன். இங்க எல்லாரும் வேணாம் வேணாம்னு சொல்றாங்க. நீங்க மட்டுந்தான் அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க."

ஓரின் டாகெட் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். சுவரிலிருந்து முதுகை எடுத்தார். அன்று பிற்பகல் முழுவதிலும் அவர் அசைந்தது அதுதான் முதல் முறை.

"வெண்டல்!"

"சொல்லு ஓரின்."

"நான் அந்தக் காட்டுக்கு ஒண்ணும் தரலை. அது எல்லாருக்கும் தெரியட்டும்."

"தெரியும்" என்றார் வெண்டல்.

"அறக்கட்டளைக்கும் தரலை."

"தெரியும்ப்பா."

"ஆனா ரெண்டு மணியிலேர்ந்து அந்தக் கேக்கைப் பாத்துக்கிட்டே நிக்கறேன். ஆளாளுக்குக் கட்டைவிரலை விடறாங்க. எனக்குப் பொறுக்கலை." பர்ஸை எடுத்தார். "முப்பத்தேழு டாலர்."

"முப்பத்தேழு ஒருதரம்" என்று தொடங்கிய வெண்டலுக்கு, மிச்சத்தைச் சொல்லக் குரலே வரவில்லை. சுத்தியலைப் போட்டார்.

ஓரின் கதவருகில் போய்ப் பணத்தை எண்ணி வைத்தார். "கேக்குக்கு" என்றார்.

"கேக்குக்கு" என்று அம்மா எழுதிக்கொண்டார்.

வெண்டல் பழக்க தோஷத்தில் கேக்கை நீட்டிய கையோடு, அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறு கையையும் நீட்டினார்.

"எதுக்குக் கை நீட்டறே?" என்றார் ஓரின். "நான் வாங்கினது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அப்பாடா!" என்றார் ஹெஸ்டர். "நூறு பேர்ல ஒருத்தருக்காவது என் கேக் வேணும்னு தோணிச்சே!"

கூடமே சிரித்தது. ஓரின் சிரிக்கவில்லை. கேக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பூட்ஸுக்குள் காலை நுழைக்க ரொம்ப நேரம் தடுமாறினார். கடைசியில் லெட்டி கேக்கை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"சாய்க்காதே" என்றார் ஓரின்.

"சாய்க்க மாட்டேன்."

"ரோடு போட ஆள் இல்லாமப் போனா, அப்ப என்னை வந்து கேளுங்க" என்று வாசலில் நின்று பொதுவாகச் சொன்னார். பிறகு கேக்கை முன் இருக்கையில் வைத்து, அதற்கு பெல்ட்டும் மாட்டிவிட்டு, சேற்றுச் சாலையில் ஆமை வேகத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

உள்ளே நாற்காலிகளை மடக்கத் தொடங்கியிருந்தார்கள். லூதர் வெறுங்கையோடு நின்றார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

ஹெஸ்டர் தன் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவர் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "வியாழக்கிழமை இன்னொண்ணு செய்யலாம்னு இருக்கேன். சர்க்கரை ஆகாதவங்களுக்குப் பாதிச் சர்க்கரை போடத் தெரியும் எனக்கு."

"முழுச் சர்க்கரையே போடு" என்றார் லூதர்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா பணப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "ஆறு டாலரும் போச்சா உனக்கு?" என்று கேட்டார்.

"போச்சு" என்றாள் லெட்டி.

"என்ன சாக்குச் சொன்னே?"

லெட்டி யோசித்துப் பார்த்தாள். "நான் சாக்கே சொல்லலைம்மா. வேணாம்னு மட்டும் சொன்னேன்."

"பரவாயில்லை. உனக்குப் பத்து வயசுதானே ஆகுது. போகப் போகக் கத்துப்பே" என்றார் அப்பா.

திங்கட்கிழமை காலையில் அம்மா ஃப்ளோரிடாவுக்குத் தொலைபேசியில் பேசினார். அதே நேரத்தில் லெட்டி நான்காம் வகுப்பு ஜன்னலருகே உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்தை மறந்து, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு மரங்களுக்குள் போனார்கள். ஓடை ஓடிக்கொண்டிருந்தது. மேப்பிள் மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. காட்டில் எதுவுமே மாறியிருக்கவில்லை.

அதற்காகத்தான் அத்தனை பேரும் பணம் கொடுத்திருந்தார்கள். ஓரின் டாகெட்டைத் தவிர. அவர் கேக்குக்குத்தான் கொடுத்தார்.